இறக்கைக்குக் கீழே இருந்தவர்

அத்தான், அண்ணை செய்த வேலையை நீங்கள் உங்கள் பெயரில் எடுத்துக்கொண்டீர்கள். நினைவு மலரை இப்படித் தொடங்கக் கூடாது என்று உங்கள் மனைவி, என் அக்கா, சொன்னாள். வேறு எங்கே தொடங்குவது என்று எனக்குத் தெரியவில்லை.

அண்ணை வேலணையில் பிறந்தவர். யாழ்ப்பாணத்தில் தொழில்நுட்பப் படம் வரையப் படித்தார். போர் அவரை இத்தாலிக்குத் துரத்தியது. அங்கே வடக்கில், கிளைடர் செய்யும் சிறிய பட்டறை ஒன்றில் அத்தான் முன்பே வேலை செய்துகொண்டிருந்தார். அண்ணையையும் அவரே சேர்த்துவிட்டார். அதை நான் மறுக்கவில்லை.

கிளைடர் என்றால் எஞ்சின் இல்லாமல் காற்றில் மிதக்கும் விமானம். பட்டறையின் முதல் கிளைடரில் ஒருவர்தான் இருக்கலாம். அதே உடம்புக்கு நீண்ட இறக்கை பூட்டி இரண்டாவதைச் செய்தார்கள். பிறகு, பழக்குபவரும் பழகுபவரும் சேர்ந்து இருக்கும் மூன்றாவது. மூன்றும் ஒரு வயிற்றுப் பிள்ளைகள் என்பார் அண்ணை. இரண்டாவது பிள்ளைதான் எல்லோரையும் வருத்தியது. வேகம் கூடினால் இறக்கை முறுகி நடுங்கியது. உள்ளே ஒட்டும் கண்ணாடி நார்த் துணியை நேராக விரிக்காமல் சாய்வாக விரித்தால் முறுகாது என்று கணக்குப் போட்டவர் அண்ணை. அவருக்கு இத்தாலிய மொழி பேச வராது. முதலாளியிடம் எடுத்துச் சொன்ன வாய் அத்தானுடையது. அந்த வாயை நாங்கள் எல்லோரும் நம்பினோம்.

புது இறக்கையைக் கவிழ்த்துப் பூட்டி, பாரம் தாங்குமா என்று மேலே மண்மூட்டை அடுக்கிச் சோதித்த நாளில், அண்ணை அதற்குக் கீழே போய்க் குந்தியிருந்தாராம். இதை எங்களுக்குச் சொன்னவரே அத்தான்தான். என் கலியாண வீட்டில், இருபது பேருக்கு நடுவில், சிரித்துச் சிரித்துச் சொன்னார்.

"வெளிய வா மச்சான், உனக்கென்ன விசரே எண்டு கத்தினன். கணக்குப் பிழையெண்டால் நான் வெளியில நிண்டு என்ன செய்யிறது அத்தான் எண்டு கேக்கிறான்."

இறக்கை முறியவில்லை, முறுகவுமில்லை. மூன்றாவது கிளைடருக்கும் அதே முறையில்தான் செய்தார்கள்.

பிறகு இருவரும் லண்டன் வந்தார்கள். அண்ணை குரோய்டன் குடிவரவு அலுவலகத்தில் விசாவுக்காக வரிசையில் நின்றார். செவன் கிங்ஸில் ஒரு அறையில் இருந்துகொண்டு களஞ்சியசாலையில் பெட்டி தூக்கினார். அவருடைய படிப்பு இங்கே செல்லாது என்றார்கள். கலியாணம் செய்யவில்லை. என் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக் கொடுத்தது முழுக்க அவர்தான். தான் செய்த விமானத்தில் ஒரு தடவைகூட ஏறியதில்லை.

மூன்று வருடங்களுக்கு முன் அந்தப் பட்டறை தன் விமானங்களின் கதையைப் புத்தகமாகப் போட்டது. துணியைச் சாய்வாக விரிக்கும் யோசனை அத்தானுடையது என்று அதில் இருக்கிறது. அத்தானின் படமும் இருக்கிறது. அண்ணையின் பெயர் எங்குமில்லை. அண்ணை கோபிக்கவில்லை. உண்மையை முதலாளிக்கு ஒரு கடிதமாக எழுதும்படி அத்தானிடம் கேட்டார். என் மகளைக் கொண்டு எழுதுவிக்கிறேன் என்றேன்.

"வேண்டாம். அவர் சொல்லித்தான் பிழையாப் போனது. அவர் சொல்லித்தான் திருந்த வேணும்."

எழுதிப் போட்டாயிற்று என்றார் அத்தான். ஆஸ்பத்திரியில் கடைசி வாரம் வரை, என்னைக் கண்டதும் அண்ணை ஒன்றைத்தான் கேட்டார்.

"பதில் வந்திட்டுதே?"

செத்தவீடு முடிந்தபின் என் மகள் பட்டறைக்கு எழுதினாள். அப்படி ஒரு கடிதம் வரவேயில்லை என்று மறுநாளே பதில் வந்தது. அத்தான் தன் வாயால் சொன்னால் திருத்துவோம் என்றும் எழுதியிருந்தார்கள். ஒரு வருடமாக அத்தான் என் போனை எடுக்கவில்லை.

அண்ணையைக் குளிப்பாட்டிய தாதிமாருக்கும், எங்களுக்குச் சோறு கொண்டுவந்த பக்கத்து வீட்டாருக்கும், பாடை சுமந்த நண்பர்களுக்கும் நன்றி. வேலையில் சேர்த்துவிட்டதற்கு உங்களுக்கும் நன்றி, அத்தான். நீங்கள் இனி என்ன சொன்னாலும் அண்ணைக்குக் கேட்கப் போவதில்லை. அது எனக்குத் தெரியும். ஆனாலும் முதலாம் ஆண்டு நினைவு நாளான இன்று, மண்டபத்தில் தேவாரம் முடிந்ததும் மைக்கை உங்கள் கையில் தருவேன். அந்த இறக்கை யாருடையது? எழுந்து நின்று, எல்லோருக்கும் கேட்கச் சொல்லுங்கள்.

— தங்கச்சி