தரிசாய்க் கிடந்த களப்பெயர்

வழிப்போக்கர் தோளில் தொங்கிய துணிப்பைக்குப் பொக்கணம் என்பது பழம்பெயர். அச்சொல்லை ஆங்கில எழுத்துகளில் ஓர் இணைய முகவரியாகப் பதிந்து பல ஆண்டுகள் வைத்திருந்தேன். ஒரு பிற்பகலில் என் மனைவி ஏதோ நினைத்துக்கொண்டு அதைத் தன் கைபேசியில் தட்டிப் பார்த்தாள். திரையில் சீட்டாட்ட விளம்பரமும் அதன் அடியில் நகைக்கடன் விளம்பரமும் எழுந்து நின்றன.

"ஏனுங்க, இதென்னங்க, நம்ம எடத்துல சூதாட்டக் கொட்டாய் போட்டு வெச்சிருக்கறீங்க?" என்றாள்.

கல்லூரிப் பணியிலிருந்து ஓய்வு பெற்றபின், மருமகனின் சொற்கேட்டு, நல்ல தமிழ்ச் சொற்கள் சிலவற்றைக் களப்பெயர்களாக வாங்கியிருந்தேன். அவர் 'டொமைன்' என்பார். "ரிங் ரோட்டுப் பக்கம் சைட்டு வாங்கிப் போடற மாதிரிதானுங்க மாமா. வெலை ஏறறப்பக் குடுத்துக்கலாம்" என்பது அவர் கணக்கு. விலை ஏறும்வரை பெயரை ஒரு நிறுவனத்திடம் விட்டுவைத்தால், அது தன் விருப்பப்படி விளம்பரங்களைத் தொங்கவிட்டு, கிடைப்பதில் நமக்கும் கொஞ்சம் தரும். அவ்வேற்பாட்டுக்கு அவர்கள் துறையில் 'பார்க்கிங்' என்று பெயர். என்ன விளம்பரம் தொங்குகிறது என்று நான் ஒருநாளும் எட்டிப் பார்த்ததில்லை.

மருமகனை அழைத்து, வேறு வழி உண்டா என்று கேட்டேன்.

"இருக்குதுங்க மாமா. வெளம்பரத்த எடுத்துப்போட்டு, விற்பனைக்குன்னு மட்டும் போட்டு வெக்கலாம். இல்லாட்டி நீங்களே நாலு பக்கம் எழுதி வெக்கலாம். அதுவும் வேண்டாம்னா, தொழில் பண்றவங்க யாருக்காச்சும் உடலாமுங்க."

ஒரு சொல்லின் கழுத்தில் விற்பனைப் பலகை மாட்ட மனம் ஒப்பவில்லை. இரண்டாவது வழி எனக்கென்றே அமைந்ததாகத் தோன்றியது. பை, பொதி, மடி, சுருக்குப்பை என்று பைவகைகளைக் குறிக்கும் சொற்களைப் பற்றி விரிவாக எழுதி ஏற்றினேன். சில திங்களில் அதைப் படித்தவர் இருவர். ஒருவர் மருமகன். மற்றவர் என் பழைய மாணவர்; ஓர் ஒற்று விடுபட்டதைச் சுட்டிக்காட்ட எழுதியிருந்தார்.

"அத அந்தப் பை தெக்கற புள்ளைக்கு உட்டுக் குடுங்களேன். சும்மா கெடக்கறதுதான?" என்றாள் மனைவி.

அப்பெண்மணி கணபதி என்னும் எங்கள் ஊர்ப்பகுதியில் பின்தெருவில் இருப்பவர். சோமனூர்த் தறிகளிலிருந்து காடாத்துணி வாங்கி வந்து, சாயமேற்றாமல் பைகளாகத் தைத்து விற்பவர். அவருடைய பெற்றோர் பல்லடத்தை அடுத்த ஊரொன்றில் பிறர் தோட்டங்களில் கூலிக்கு உழைத்தவர்கள். நான் தோட்டம் உடையோர் வீட்டில் பிறந்தவன்.

எங்கள் பக்கத்தில் மனை வாங்கியவர் அதை வெறுமனே போட்டுவைப்பதில்லை. அக்கம்பக்கத்தார் யாரிடமேனும் விட்டால் சோளத்தட்டு நிற்கும், அவரைக்கொடி படரும், குப்பை சேராது. காய்த்ததில் ஒரு கூடை உடையவர் வீட்டுக்கு வரும். அவ்வழக்கப்படியே பெயரை அப்பெண்மணியிடம் விட்டேன். மருமகன் அவருடைய பைகளின் படங்களை அழகாக அடுக்கிக் கொடுத்தார். வெளியூர்களிலிருந்தும் வாங்குவோர் வந்தனர். பொங்கல்தோறும் எங்கள் வீட்டுக்கு ஒரு புதுப்பை வந்தது. அப்பைகளில் அவருடைய தொலைபேசி எண் மட்டுமே அச்சிட்டிருந்ததைக் கண்டேன். ஏனென்று எண்ணிப் பார்க்கவில்லை.

அண்மையில், சென்னைக் கடை ஒன்று ஆண்டு முழுவதும் பைகள் வேண்டும் என்று அவரிடம் கேட்டது. பையொவ்வொன்றிலும் இணைய முகவரி நெய்த பட்டை தைத்திருக்க வேண்டும் என்றும் சொன்னது. அதே கிழமையில், பெங்களூர்ச் சுற்றுலா நிறுவனம் ஒன்று பொக்கணத்தை நல்ல விலைக்குக் கேட்பதாக மருமகன் எனக்குச் செய்தி அனுப்பினார். நான் இத்தனை ஆண்டுகள் காத்திருந்தது அதற்குத்தான். மனைவி வாயிற்கதவருகே நின்று அப்பெண்மணியிடம் அதைச் சொல்லிவிட்டாள். மாலையில் அவர் வந்தார்.

"குடுத்துப்போடுங்கய்யா. ரெண்டு நாள் டைம் குடுத்தீங்கன்னா படத்தையெல்லாம் எடுத்துக்கறனுங்க."

"மெட்ராஸ் கடைக்கு என்னம்மா சொல்லுவீங்க?"

"முடியாதுன்னுதானுங்க. நாளைக்குள்ள சொல்லோணும்."

"பேரை முன்னாலயே பையில போட்டிருக்கலாமேம்மா?"

"அடுத்தவங்க எடத்துல சோளத்தட்டுப் போடலாமுங்க, மரம் வெக்கலாமுங்களா? எங்கப்பன் தோட்டத்துக்காரர் வரப்புல ஒரு எலுமிச்சை வெச்சுது. காய்ப்புக்கு வந்த வருசம் தோட்டத்த வித்துப்போட்டாங்க. ஒருத்தரும் எங்கள ஒண்ணும் சொல்லலீங்க. ஆனா அந்த வழியாப் போறப்பவெல்லாம் எங்கப்பன் மூஞ்சியத் திருப்பிக்கும்."

அவர் குரலில் குறைபட்டுக்கொள்ளும் தொனி சிறிதும் இல்லை.

"ஏங் கண்ணு, வாயத் தொறந்து ஒரு வார்த்தை கேட்டாத்தான என்ன?" என்றாள் மனைவி.

"கேட்டா இல்லீங்காம குடுத்துப்போடுவீங்கக்கா. அப்பறம் விக்கவும் முடியாம, வெக்கவும் முடியாம ஐயா முழிக்கோணுமா?"

மூவரும் சிரித்துவிட்டோம். அவர் முன்னிலையிலேயே மருமகனைத் தொலைபேசியில் அழைத்து, குரலை எல்லோருக்கும் கேட்குமாறு வைத்து, பெயரை இவருக்கே கொடுத்தால் என்ன என்று கேட்டேன்.

"பெங்களூர்க்காரங்க வெலைய இவங்களால ஒரே மூச்சுல குடுக்க முடியாதுங்க மாமா" என்றார்.

"ஒரே மூச்சுல எதுக்குங்க மாப்ள? காலம் குடுப்போம்."

"அப்படின்னா குத்தகைக்கு உடலாம். இன்னிக்கே ஒரு வெலை பேசிக்கறது. வருசா வருசம் குடுக்கறது அந்த வெலையில கழியும். முடியற வரைக்கும் வேற யாருக்கும் விக்கப்படாது. முடிஞ்சா பேரு அவங்களுது. இதுவும் எங்க தொழில்ல இருக்கறதுதானுங்க." சற்று நிறுத்தி, "நீங்க யாவாரத்துக்கு லாயக்கில்லீங்க மாமா" என்றார்.

"அது உங்க அத்தைக்கு எப்பவோ தெரியுமுங்க."

எல்லாம் முடிந்தது என்றெண்ணி அப்பெண்மணியைப் பார்த்தேன். அவர் முகம் தெளியவில்லை.

"தப்பா நெனைக்காதீங்கய்யா. நீங்க இருக்கற வரைக்கும் ஒரு கொறையும் வராதுங்க. உங்களுக்கப்பறம்?"

மனைவி என்னைப் பார்த்தாள். எனக்குச் சினம் வரவில்லை. எலுமிச்சைக்குக் காவலாய் ஒரு சொல்லேனும் இருந்திருந்தால் அவர் இக்கேள்வியைக் கேட்டிருக்க மாட்டார். நான் வாய்திறக்கும் முன் மருமகனே முந்திக்கொண்டார்.

"எழுதியே குடுத்துப்போடலாமுங்கக்கா. மாமாவோட நானும் கையெழுத்துப் போடறனுங்க. அப்பறமா மாத்திப் பேச முடியாதுங்க."

பெங்களூர் தருவதாகச் சொன்ன தொகை என் நெஞ்சில் ஒருமுறை புரண்டுவிட்டு அடங்கியது. அப்பெண்மணி தம் கைபேசியை எடுத்துச் சென்னைக்குப் பேசினார்.

"அண்ணா, பட்டையில பேரு போட்டே குடுத்தர்றமுங்க." மறுமுனையில் ஏதோ கேட்டார்கள். அவர் எங்களை ஒருமுறை நிமிர்ந்து பார்த்தார்.

"ஆமாங்கண்ணா. எங்களுதுதானுங்க."