ஐந்தாம் ரீலில் பறந்தவன்

சினிமாக் கொட்டகையில் டிக்கெட் கிழிப்பவளுக்கு எந்தப் படத்தின் தொடக்கமும் தெரியாது. பெயர் ஓடும்போது வாசலில் தள்ளுமுள்ளு. முதல் பாட்டு வரும்போது, தாமதமாக வந்தவர்களிடம் "இப்பதான் ஆரம்பிச்சாங்க, ஓடுங்க" என்று பொய். கல்யாணத்தில் பந்தி பரிமாறியே தாலி கட்டுவதைப் பார்க்காமல் விட்டவர்களே, என் கஷ்டம் உங்களுக்குச் சொல்லாமலே புரியும்.

கள்ளக்குறிச்சிக் கொட்டகையில் பெண்கள் வாசல் என்னுடையது. இட ஒதுக்கீட்டுப் போராட்டம் சூடாக இருந்த நேரம் அது. பஸ் வந்தால் வந்தது, இல்லாவிட்டால் இல்லை. கூட்டம் தேய்ந்துகொண்டே போக, ஒருநாள் முதலாளி எங்களை வரிசையாக நிற்கவைத்துச் சொல்லிவிட்டார்: வரப்போகும் படம் ஒரு வாரம் தாங்காவிட்டால் கொட்டகை மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, மூட்டை அடுக்கும் குடோன் ஆகிவிடும். எனக்கோ இரண்டு பெண் பிள்ளைகள் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தார்கள். என் முகத்தைப் பார்த்துவிட்டு, முதலாளி நல்லவராயிற்றே, ஆறுதலும் சொன்னார்: "கவலப்படாத அஞ்சல, குடோன் ஆனாலும் உனுக்கு வேல உண்டு. மல்லாட்ட உரிக்க ஆளு வேணும்ல?"

மூக்குப்பொடி

படத்தின் நாயகன் ரேஷன் கடையில் எடை போடும் ஒரு நோஞ்சான். ஒரு தும்மல் போட்டால் பறப்பான். இன்னொரு தும்மல் வந்தால்தான் இறங்குவான். அவன் மேலே கிளம்பினால் படிக்கல்லும் மண்ணெண்ணெய் டின்னும் வரிசையாகப் பின்னாலேயே பறந்து போகும். ஒற்றைக் கை மட்டும் மூன்று தெரு நீண்டுபோய் அரிசி மூட்டை திருடியவன் காதைத் திருகும். எப்படித்தான் எடுத்தார்களோ, டார்ச் லைட்டைக் கையில் வைத்துக்கொண்டு வேலையை மறந்து நின்று சிரித்திருக்கிறேன்.

ஐந்தாம் ரீல் முடிவில், மேகத்துக்கு மேலே போனவனுக்கு இரண்டாவது தும்மல் வராது. மூக்கைத் தேய்ப்பான், பிடுங்குவான், ஊஹூம். முதல் நாளே, ரிஷிவந்தியத்திலிருந்து வந்த ஒரு அம்மா பொறுக்கமுடியாமல் இடுப்பிலிருந்த பொடி மட்டையைப் பிரித்துத் திரையைப் பார்த்து வீசிவிட்டார். முன்னால் இருந்த நான்கு வரிசையும் ஒரே தும்மல். "இன்னாம்மா இது?" என்று நான் ஓடினால் அவருக்கு என்மேல் கோபம்: "நான் அவுனுக்குத்தான் போட்டேன். இவுளுங்கள யாரு தும்மச் சொன்னது?"

தொங்குகிறவன்

சந்தை நாளில் கல்வராயன் மலையிலிருந்து சடையன் வந்திருந்தார். பாறை உச்சியில் கயிறு கட்டி இறங்கித் தேன் எடுக்கிறவர். படம் விட்டதும் மனைவிக்காக என் வாசலில் காத்து நின்றார். எல்லோரும் சிரித்துக்கொண்டே வெளியே வர, அவர் முகம் மட்டும் யோசனையாக இருந்தது. படம் பிடிக்கவில்லையோ என்று எனக்குப் பதைப்பு. ஒவ்வொரு ஆளும் முக்கியமான வாரமாயிற்றே!

"பறக்கறது எப்படி இருந்தது?" என்று கேட்டேன். எங்கள் யார் கண்ணுக்கும் கயிறென்று ஒன்று தெரிந்ததே இல்லை. அவர் சொன்னார்: "பறக்கலம்மா, தொங்குறான். இடுப்புல மட்டும் கட்டி வுட்டிருக்காங்க, தொடை நடுங்குது பாரு. அந்த வலியிலயும் சிரிச்சான் பாரு, அதுக்கே நாளைக்கு இன்னொரு தரம் வரலாம்."

ஆறாம் ரீல்

ஒரே படப்பெட்டிதான், எங்களுக்கும் தியாகதுருகம் கொட்டகைக்கும். அங்கே ஒரு ரீல் முடிந்ததும் எங்கள் ஆள் மாணிக்கம் அதை மொபெட்டில் கட்டிக்கொண்டு பறந்து வருவார், இங்கே ஓட்டுவோம். ஆறாம் நாள் மதியக் காட்சி. ஐந்தாம் ரீல் முடிந்தது. நாயகன் மேகத்துக்கு மேலே. ஆறாம் ரீல் வரவில்லை. ஊருக்கு வெளியே போராட்டக்காரர்கள் புளியமரங்களை வெட்டிச் சாலையில் போட்டிருக்கிறார்கள், மாணிக்கம் அந்தப் பக்கமே நிற்கிறார் என்று சைக்கிளில் வந்த ஒருவர் சொன்னார். முதலாளி பதறிப்போய், முந்தின ராத்திரி ஓட்டி, இன்னும் தியாகதுருகத்துக்குத் திரும்பிப் போகாமல் கிடந்த ஏழாம் ரீலை ஓட்டச் சொன்னார். அதில் நாயகன் மாலையும் கழுத்துமாகத் தரையில் நிற்கிறான். கொட்டகையே எழுந்துகொண்டது. "மேல போனவன் எப்பிட்றா கீழ வந்தான்?" பெஞ்சுகள் தடதடத்தன. திரை கிழிந்தால் அன்றைக்கே குடோன்தான்.

பொம்பளையை அடிக்கமாட்டார்கள் என்று முதலாளி என்னைத் திரைக்கு முன்னால் தள்ளிவிட்டார். உண்மையைச் சொன்னேன்: "ரீலு ரோட்டுக்கு அந்தாண்ட நிக்குதுங்க. மரத்த வெட்டிப் போட்டுகிறாங்க." சத்தம் சட்டென்று அடங்கியது. ஆண்கள் பக்கத்தில் ஆறேழு பேர் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். நடுவில் இருந்த ஏழுமலை என்கிற விவசாயி மெதுவாக எழுந்து துண்டை உதறினார். காலையில் மரம் வெட்டியவர்கள், மதியம் படத்துக்கு வந்திருக்கிறார்கள்! "யாரும் போயிடாதீங்க" என்று கூட்டத்துக்கு உத்தரவு போட்டுவிட்டு, சைக்கிளை எடுத்துக்கொண்டு கிளம்பினார்கள்.

ஒருவரும் போகவில்லை. முறுக்குத் தட்டு காலியானது; குழந்தைகள் மடியில் தூங்கின. ஒன்றரை மணி நேரம் கழித்து, முழங்கையெல்லாம் சிராய்ப்போடு, ரீல் பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு ஏழுமலை வந்து நின்றார். கிளைக்குக் கிளை கை மாற்றிக் கொண்டுவந்தார்களாம். மரத்தை மட்டும் இம்மியும் நகர்த்தவில்லை. எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. "மறிச்சதும் நீங்க, தூக்கினு வந்ததும் நீங்களாங்க?" என்றேன். பெட்டியை இறக்கிவைத்து அவர் சொன்னார்: "மறிச்சது கவர்மெண்டத்தாம்மா. இவன் இன்னா பாவம் பண்ணான், மேலயே தொங்கிக்கினு கெடக்க?"

அவன் இறங்கினானா என்று பார்க்கவே ஊர் ஊராகச் சனம் நடந்து வந்து படம் மூன்று வாரம் ஓடியதால், எனக்கு இன்றுவரை மல்லாட்டை ஒழுங்காக உரிக்கத் தெரியாது.