மதராசி கேம்ப் மசாலா கடலை

மாவு போர்த்திய வேர்க்கடலையை முதன்முதலில் எண்ணெயில் போட்டது யார் என்று கேட்டால் ஆளாளுக்கு ஒரு கதை விடுவார்கள். மெக்சிகோவில் குடியேறிய ஜப்பான்காரர் என்பார் ஒருவர். குஜராத்திக்காரன் கை படாமல் எந்த நொறுக்குத்தீனி வந்தது என்பார் இன்னொருவர். யாராகவோ இருந்துவிட்டுப் போகட்டும். எண்பதுகளின் தொடக்கத்தில் டெல்லியிலிருந்து துபாய்க்கும் லண்டனுக்கும் பெட்டி பெட்டியாகப் போன ஒரு மசாலா கடலையைப் பொரித்தவள் பவுனு. அவள் பெயர் எந்தப் பொட்டலத்திலும் இல்லை.

டெல்லி ஜங்புராவில், நாலா என்கிற சாக்கடைக் கால்வாயை ஒட்டிய மதராசி கேம்ப்பில் அவள் குடிசை. புருஷன் மாசிலாமணி கட்டடங்களுக்குச் சாரம் கட்டுகிறவன். ஐ.என்.ஏ. மார்க்கெட்டில் மளிகைக் கடை வைத்திருந்த இராஜமாணிக்கம் கடலை, மாவு, எண்ணெய் எல்லாம் கொடுத்தனுப்பி, பொரித்ததை வாங்கி வெளிநாட்டுக்கு ஏற்றுவார். பவுனு கடலையில் தண்ணீர் தெளித்து மாவைத் தூவி, மறுபடி தெளித்து, மறுபடி தூவிப் பிசறுவாள். பொரிந்து வந்ததைக் கடித்தால் பக்கத்து வீட்டுக்குக் கேட்கும். அந்த மொறுமொறுப்பில் அவளுக்குக் கொஞ்சம் கர்வமே உண்டு.

கடலையிலிருந்து கழன்று எண்ணெயில் உதிரும் தூளும், தட்டில் மிஞ்சும் மாவும் பொரிக்கிறவளுக்குச் சொந்தம். அந்தத் தொழிலில் அப்படி ஒரு வழக்கம். குளிர்காலத்தில் கட்டட வேலை படுத்துவிடும். அப்போது மாசிலாமணிக்குக் காலையில் மாவு அடை, ராத்திரி கொஞ்சம் சோற்றில் நிறையத் தூள். பவுனுக்கு எண்ணெய் வாடையிலேயே பசி செத்துப்போகும், அவள் அதைத் தொடமாட்டாள். பக்கத்துக் குடிசை வீராயி எப்போதாவது கிண்ணத்தோடு வருவாள். அவளுக்கு வரிசையாகப் பெண் பிள்ளைகள். பவுனு கை சலிக்காமல் அள்ளிக் கொடுப்பாள்.

இரண்டாவது குளிரில் மாசிலாமணிக்குக் கெண்டைக்கால் இறுகியது. குளிர்தான் என்றான். பிறகு குதிகால் தரையில் பதியவில்லை, முழங்கால்கள் ஒன்றோடொன்று இடித்தன. அப்படியும் சாரத்தில் ஏறினான் மடையன். விழுந்தான்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் விழுந்த கதையை விட்டுவிட்டு, வீட்டில் என்ன சாப்பிடுகிறீர்கள் என்று கேட்டார். பவுனு பெருமையாகவே சொன்னாள். மாவைக் கொண்டுவரச் சொல்லிப் பார்த்தார்கள். கடலை மாவு பேருக்குத்தான். பாதிக்கு மேல், பார்வைக்குத் துவரம்பருப்பு போலிருக்கும் மலிவான கேசரிப் பருப்பின் மாவு. எப்போதாவது ஒரு கை கொறிப்பவனை அது ஒன்றும் செய்யாது, மாதக்கணக்கில் அதையே சோறாகத் தின்றவனின் காலை முடக்கிவிடும். போன கால் திரும்பாது என்று சொல்லிவிட்டார். தன் கையாலேயே போட்டோமே என்று பவுனு தலையில் அடித்துக்கொண்டாள்.

"இந்தா பவுனு, லண்டன்காரன் தின்னுட்டு நல்லாத்தான் நடக்கிறான்" என்றார் இராஜமாணிக்கம். "உன் புருஷனை யாரு அதையே சோறா திங்கச் சொன்னது? அசல் கடலை மாவு போட்டா எனக்குக் கட்டாது. முடியலன்னா சொல்லு, வேற ஆளு பாத்துக்கிறேன்."

வீட்டில் ஒருவன் படுத்த படுக்கை. பவுனு வாயை மூடிக்கொண்டு பொரித்தாள். தூளை மட்டும் யாருக்கும் கொடுக்காமல் நாலாவில் கொட்டினாள். கேம்ப் சும்மா இருக்குமா? லண்டன் கடலைக்காரிக்குக் கொழுப்பேறிவிட்டது என்று பேசியது. கடைசியில் வீராயியே கிண்ணத்தோடு வந்து, "நாலாவுக்குக் குடுக்கிறத எங்களுக்குக் குடுக்கக் கூடாதாக்கா?" என்று கேட்டபோது பவுனுக்குத் தாளவில்லை. டாக்டர் சொன்னதையெல்லாம் சொல்லிவிட்டாள்.

வீராயி நம்பவில்லை. "அவரு சாரத்துலேருந்து விழுந்தாரு. அதுக்குத் தூளு இன்னா பண்ணும்? அப்படியே வெஷம்னா நீ ஏன் பொரிக்கிற?"

பொரிப்பதை விட்டாலாவது வீராயி நம்பட்டும், பிள்ளைகள் பிழைத்தால் போதும் என்று பவுனு அன்றைக்கே மாவு மூட்டையைக் கடையில் கொண்டுபோய்ப் போட்டுவிட்டு, ஜங்புராவில் ஒரு வீட்டுக்குப் பாத்திரம் தேய்க்கப் போனாள். பயமாகத்தான் இருந்தது. ஆனாலும் நெஞ்சில் ஏறிக் கிடந்த பாரம் இறங்கியமாதிரி இருந்தது.

அந்த வாரமே வீராயி குடிசையிலிருந்து எண்ணெய் வாடை வந்தது. பவுனு ஓடிப்போய்ப் பார்த்தாள். அடுப்பில் பெரிய வாணலி, பக்கத்தில் அதே கடையின் மூட்டை.

"நீ வேணாம்னுட்டியாமே. மொதலாளி ஆளனுப்பிக் கூப்பிட்டாரு" என்றாள் வீராயி. அவள் முகத்தில் கள்ளமே இல்லை. "மாவு ஒட்டவே மாட்டேங்குதுக்கா. எவ்ளோ தண்ணி தெளிக்கிறது?"

"பொரிச்சுக் குடுத்துட்டுப் போ வீராயி. உன் கால்ல விழறேன், புள்ளைங்களுக்கு மட்டும் போடாத."

"இத்தினி நாளு உன் ஊட்டுல தின்னீங்க. இப்ப எம்புள்ளைங்க திங்குறது பொறுக்கலியா?"

அவளுடைய சின்னப் பெண் தட்டை வழித்து நக்கிக்கொண்டிருந்தாள். எப்போது பார்த்தாலும் பசியில் சிணுங்கும் பெண். இப்போது வாயெல்லாம் மாவாகச் சிரித்தாள். "இன்னும் போடும்மா" என்றாள்.

வீராயி கரண்டி நிறையத் தூளை அள்ளிப் போட்டாள்.