அடி உப்பு

என் சமையலறை அலமாரியில், மிளகாய்த்தூள் டப்பாவுக்குப் பக்கத்தில், வாய் அகன்ற ஒரு பிளாஸ்டிக் பாட்டில் இருக்கிறது. உள்ளே உப்பு. சமையலுக்கு அதை நான் தொடுவதில்லை. மேலே ஒட்டிய சீட்டில் சோதனைக்கூடத்து மேடத்தின் முத்து முத்தான கையெழுத்து: ‘மரக்காணம், நாலாம் பாத்தி, அடி உப்பு, அலசாதது.’ அதன் மேல் ஒரு கோடு கிழித்து, கீழே என் கோணல் எழுத்தில் வேறு ஏதோ எழுதியிருக்கிறது. அந்த ஒரு கோட்டைக் கிழிக்க எனக்கு இத்தனை நாள் ஆயிற்றே என்று நினைத்தால் என்னை நானே திட்டிக்கொள்ளத் தோன்றுகிறது. மேடத்தைத் திட்டுவது அதற்கு அப்புறம்.

அணு உலை இருக்கும் இடத்தைச் சுற்றி வெகுதூரம் வரை மண், பால், மீன், உப்பு என்று எல்லாவற்றையும் எடுத்துச் சோதிப்பார்கள். எங்கள் பக்கத்தில் அந்த மாதிரிகளை எடுத்துக் கொடுக்கும் வேலை எனக்கு. மாதம் ஒருமுறை ஜீப்பில் மேடம் வருவார். சோதனைக்கூடத்தில் பெரிய பதவி. ஆனால் பந்தா கிடையாது. செருப்பை வரப்பில் விட்டுவிட்டு வெறுங்காலோடு பாத்திக்குள் இறங்குவார். பங்குனி வெயிலில் உப்பு கண்ணைக் கூசவைக்கும்போது, என் முந்தானையைத்தான் இழுத்துத் தலையில் போட்டுக்கொள்வார். எங்கள் வீட்டு நெத்திலிக் குழம்புக்கு அவர் அடிமை. நான் அவரை ஆபீசராக நினைத்ததே இல்லை, கூடப்பிறந்தவளாக நினைத்தேன். அதுதான் இப்போது வலிக்கிறது.

உப்பு எடுத்தது என் அண்ணன் குத்தகைக்கு ஓட்டிய உப்பளப் பாத்தியில். சேறு ஒட்டிய பழுப்பு உப்பை, பாத்தியின் அடியிலிருந்து, அலசாமல் எடுக்க வேண்டும் என்பது சட்டம். ஏதாவது படிந்திருந்தால் அந்தச் சேற்றில்தான் படிந்திருக்கும் என்று மேடமே சொல்லியிருக்கிறார். நான் ஜீப் ஓரம் நின்று சீட்டு ஒட்டிக்கொண்டிருக்க, அண்ணன்தான் பாட்டிலை நிரப்பித் தருவான். நாலைந்து வருடம் கழித்து ஒருநாள் தற்செயலாகத் திரும்பிப் பார்த்தேன். வாரிய உப்பைக் கூடையோடு வாய்க்காலின் உப்புத் தண்ணியில் முக்கி, இரண்டு குலுக்குக் குலுக்கி, சேறெல்லாம் போன பிறகு மேலாக இருந்த வெள்ளை உப்பை அள்ளிப் போட்டுக்கொண்டிருந்தான்.

“என்னண்ணே பண்ற?” என்றேன்.

“ஏம்மா, வீடு தேடி வர்றவங்களுக்குச் சேத்து உப்பையா குடுக்கறது? நம்ம அளத்தைப் பத்தி என்ன நெனைப்பாங்க?”

எங்கள் அளத்தில் யார் வந்தாலும் குவித்து வைத்த அம்பாரத்தின் மேல் உப்பைத்தான் அள்ளிக் கொடுப்போம். வியாபாரிக்குக் கலப்பு போகலாம், விருந்தாளிக்குப் போகக் கூடாது. ஆனால் சோதனைக்கு வேண்டியது சேற்று உப்பு. வேலை போய்விடும் என்று பயந்துகொண்டே அன்றைக்கே மேடத்திடம் போய் ஒப்புக்கொண்டேன். அவர் என் தோளைத் தட்டி, “விடுங்க. இனிமே பாத்து எடுங்க. பழைய சீட்டு, ரிப்போர்ட்டெல்லாம் அப்படியே இருக்கட்டும்” என்றார். எவ்வளவு பெரிய மனசு என்று அன்று கண்ணில் தண்ணீர் விட்டவள் நான்.

அணு மின்சாரத்தின் மேல் அவருக்கு இருந்த நம்பிக்கையில் பொய் இல்லை. புகை கிடையாது, கரி கிடையாது, வருங்காலத்துக்கு இதுதான் சுத்தமான கரண்ட் என்பார். நானும் அதைத் தள்ளிவிட மாட்டேன். காலம் தப்பிப் பெய்யும் மழை, விளைந்த உப்பைக் கரைத்துக்கொண்டு போவதை வருடா வருடம் பார்க்கிறோம். சீதோஷ்ணம் கெட்டுவிட்டது என்று எங்களுக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டாம். அண்ணனுக்கு மட்டும் ஒரே ஒரு கேள்வி.

“எந்த அடுப்பு எரிச்சாலும் சாம்பல் வருமேங்க. உங்க அடுப்புச் சாம்பலை எங்க கொட்டுவீங்க?”

“இப்போதைக்குப் பத்திரமா தண்ணித் தொட்டியில இருக்குது. அப்புறம் கெட்டிப் பாறைக்கு அடியில, ரொம்ப ஆழத்துல வெப்பாங்க. நான் ரிடையர் ஆகறதுக்குள்ள இடம் பாத்துடுவாங்க.”

“நம்ம பக்கம் மலையையே ஜல்லியா ஒடச்சி லாரியில ஏத்தறாங்க மேடம். எந்தப் பாறை அங்கயே இருக்கப் போவுது?”

மேடம் விழுந்து விழுந்து சிரித்தார். நாங்களும் சிரித்தோம். அந்தச் சாம்பல் ஆயிரக்கணக்கான வருடம் ஆறாது என்பது எனக்கு அப்போது தெரியாது. அவருக்குத் தெரியும்.

போன வருடம், அண்ணன் கேட்ட அந்தச் சாம்பலை, அதாவது எரிந்து முடிந்த எரிபொருளை வைக்க இந்தக் கடலோரத்திலேயே இன்னொரு கிடங்கு கட்டப்போவதாகச் சொல்லி, ஒரு கல்யாண மண்டபத்தில் கூட்டம் போட்டார்கள். மேடத்துக்கு ரிடையர் ஆக சில மாதம்தான் பாக்கி. அண்ணன் எழுந்து பழைய கேள்வியையே கேட்டான். மேடையில் இருந்த மேடம் ஒரு பாட்டிலைத் தூக்கிக் காட்டினார். “இத்தனை வருஷமா உங்க பாத்தியோட அடி உப்பைச் சோதிச்சிருக்கோம். ஒன்னுமே இல்ல. உங்க தங்கச்சிதான் எடுத்துக் குடுத்தாங்க, கேளுங்க.”

கேட்டது சாம்பலைப் பற்றி, பதில் வந்தது உப்பைப் பற்றி. அந்த உப்பும் அலசிய உப்பு. பாட்டிலில் இருந்த வெள்ளையே சொன்னது, அது அண்ணன் அலசிக் கொடுத்த காலத்து உப்பு என்று. “அது நான் அலசிக் குடுத்ததுங்க” என்றான் அண்ணன். மேடம் சீட்டைப் படித்துக் காட்டினார்: அடி உப்பு, அலசாதது. மண்டபம் மொத்தமும் என்னைத் திரும்பிப் பார்த்தது. அன்று தோளில் தட்டிய கை ஞாபகம் வந்தது. அலசாததுதான் என்று நான் தலையாட்டினேன். அண்ணனைப் பொய்யன் என்று ஊர் முன்னால் ஆக்கியது அந்தத் தலையாட்டல்தான்.

எங்கள் உப்பில் விஷம் இருந்தது என்று நான் சொல்லவில்லை. இருந்திருக்காது. சேற்று உப்பைச் சோதித்திருந்தாலும் ஒன்றும் வந்திருக்காது என்றுதான் இன்றும் நினைக்கிறேன். ஆனால் அந்த வருடங்களின் சேற்று உப்பு இப்போது எங்கும் இல்லை, இனி அதை எந்தச் சோதனையும் எனக்குச் சொல்ல முடியாது. அந்த நிச்சயத்தைத்தான் மேடம் என்னிடமிருந்து எடுத்துக்கொண்டு போய்விட்டார். கூட்டம் முடிந்ததும் பாட்டிலை என் கையில் கொடுத்து, “ஞாபகத்துக்கு வெச்சுக்கோங்க” என்று சிரித்தார். அவர் ரிடையர் ஆகிவிட்டார். சாம்பலுக்கு இடம் பார்த்தபாடில்லை.

அண்ணன் என்னோடு பேசுவதை நிறுத்தி ஒரு வருடம். போன வாரம்தான் பேனாவை எடுத்துக் கோடு கிழித்தேன். கீழே எழுதினேன்: ‘அலசிய உப்பு. அண்ணன் அலசியதை நான் பார்த்தேன்.’ பாட்டிலைத் தூக்கிக்கொண்டு அளத்துக்குப் போனேன். அண்ணன் உப்பு வாரும் பலகையை வரப்பில் சாய்த்துவிட்டு, ஈரக் கையை வேட்டியில் துடைத்து, சீட்டை எழுத்துக் கூட்டிப் படித்தான்.

“ஒரு நாள்ல எடுத்த உப்புக்கே சீட்டைத் திருத்த ஒரு வருஷம் ஆச்சு ஒனக்கு” என்றான். “அந்தச் சாம்பல் மேல ஒட்டுற சீட்டை யாரும்மா திருத்துவாங்க?”

பாட்டிலை என்னிடமே திருப்பிக் கொடுத்துவிட்டுப் பாத்திக்குள் இறங்கிவிட்டான். அதற்குப் பிறகு பேசவில்லை. பாட்டில் மறுபடி அலமாரிக்கே வந்துவிட்டது.