மந்திரியைப் பின்னால் எடுத்த நாள்

ஆயிரம் பொய் சொல்லியாவது ஒரு கல்யாணத்தை முடி என்பார்கள். என் அப்பா சிக்கனமானவர், ஒன்றோடு நிறுத்திக்கொண்டார். ஜாதகத்தோடு கொடுத்தனுப்பிய பயோடேட்டாவில் சமையல், தையல் என்பதற்குக் கீழே 'செஸ் விளையாட்டில் மாவட்ட அளவில் இரண்டாம் பரிசு' என்று எழுதிவிட்டார். பள்ளியில் ஒரே ஒரு போட்டிக்கு நான் போனது உண்மைதான். முதல் சுற்றிலேயே தோற்று, கலந்துகொண்டதற்காக ஓர் எவர்சில்வர் டம்ளர் வாங்கி வந்ததும் உண்மை.

பதின்மூன்று வருடம் அந்தப் பொய் சௌக்கியமாக இருந்தது. நான் வாழ்க்கைப்பட்டது திருச்செங்கோட்டில் போர்வெல் ரிக் வண்டி ஓட்டும் குடும்பத்தில். வீட்டில் செஸ் போர்டே கிடையாது. ஆனால் மாமனார் மட்டும் வருகிற விருந்தாளிகளிடமெல்லாம் "எங்க மருமக டிஸ்ட்ரிக்ட் எடுத்த புள்ளைங்க" என்பார். நான் காபியை வைத்துவிட்டு அடக்கமாகச் சிரிப்பேன். இந்த வருடம் எங்கள் தெருச் சங்கத்தார் பொங்கல் விளையாட்டுகளோடு பெண்களுக்கு செஸ்ஸையும் சேர்த்தார்கள். என்னை ஒரு வார்த்தை கேட்காமல் மாமனார் பெயரைக் கொடுத்துவிட்டு வந்தார்.

"மூணு வாரம் இருக்குது சாமி. உனக்கெல்லாம் எதுக்குப் பழக்கம்? சும்மா போய் ஜெயிச்சுட்டு வா."

நான் முதல் ஆட்டத்தில் திருதிருவென்று விழித்தால் தெருவே பார்க்கும். என் மானம் போனால் போகட்டும். பதின்மூன்று வருடம் என்னைப் பற்றிப் பெருமை பேசிய மனிதரின் முகத்தை அப்புறம் எப்படிப் பார்ப்பது?

காய்கள் எப்படி நகரும் என்பது ஞாபகம் இருந்தது. ஆட்டத்தை எப்படித் தொடங்குவது என்பதுதான் தெரியாது. போனில் ஒரு வீடியோவைப் பிடித்தேன். ராஜாவுக்கு முன்னால் நிற்கும் சிப்பாய் இரண்டு கட்டம், பிறகு குதிரை, பிறகு சாய்வாக ஓடும் மந்திரி. இதற்கு இத்தாலியத் தொடக்கம் என்று பெயராம். எட்டு நகர்த்தல்களை வாய்ப்பாடு போல உருப்போட்டேன். தோசை ஊற்றும்போதும் வாய் முணுமுணுத்தது. மூன்றே நாளில் இத்தாலியே என் கைக்குள் வந்துவிட்டதாக நினைத்தேன்.

ரிக் வண்டி எஞ்சின் வேலைக்காகப் பட்டறையில் நின்றதால் கணவர் வீட்டில் இருந்தார். என் குட்டு அவருக்கு மட்டும் தெரியும். ஒரு போர்டு வாங்கி வந்து அவரை எதிரே உட்காரவைத்தேன். இரண்டாவது நகர்த்தலிலேயே அவர் ஓரத்துச் சிப்பாயைத் தள்ளினார். வீடியோவில் யாரும் அப்படித் தள்ளவில்லை.

"அங்க ஆடக் கூடாதுங்க. பாடத்துல இல்ல."

"என்ற சிப்பாய நான் தள்றேன். அது கெடக்கட்டும், நீ எதுக்குப் புள்ள அந்தக் குதிரைய அங்க கொண்டாந்து வெச்ச?"

"வீடியோவுல வெச்சாங்க."

அவர் சிரித்துச் சிரித்துத் தரையில் சாய்ந்துவிட்டார். எனக்குக் கோபம் பற்றிக்கொண்டு வந்தது. கோபம் வந்தால் நான் எதையும் அடி ஆழம் வரை பார்க்காமல் விடமாட்டேன். முதல் நகர்த்தலுக்குத் திரும்பிப் போனேன். ஒவ்வொன்றையும், 'இதை வைக்காவிட்டால் என்ன?' என்று கேட்டேன். சிப்பாய் நடுவில் போய் நின்றால் பின்னால் இருக்கும் மந்திரிக்கும் ராணிக்கும் வழி திறக்கிறது. குதிரை வந்ததும் எதிராளியின் நடுச் சிப்பாய்க்கு ஆபத்து. அவர் அதைக் காப்பாற்றியாக வேண்டும். மந்திரி தூரத்தில் நின்றபடி எதிர் ராஜாவின் பக்கத்துச் சிப்பாயை முறைக்கிறது. அந்தச் சிப்பாய்க்கு ராஜாவைத் தவிர வேறு காவலே இல்லை. அட, இதற்குத்தானா என்று தனியாக உட்கார்ந்து சிரித்தேன். சந்தோஷத்தில் தலை கிறுகிறுத்தது. அன்று முழுக்கக் காரணம் கேட்கும் பைத்தியம் பிடித்து, கடுகு ஏன் முதலில், உளுந்து ஏன் பிறகு என்று யோசித்தபடி இரண்டையும் கருக்கினேன்.

ஒரு விஷயத்தில் மட்டும் மாட்டிக்கொண்டேன். எங்கள் வீட்டில் வண்டிக்குப் பூஜை போட்டால் எலுமிச்சம்பழத்தின் மேல் ஏற்றி முன்னால்தான் எடுப்பார்கள். தெருவைத் தாண்டும்வரை ரிவர்ஸ் என்ற பேச்சே கூடாது. எதிரே தண்ணீர் லாரி வந்தால் அதுதான் ஒதுங்க வேண்டும். இந்தப் புத்தி போர்டிலும் வந்து உட்கார்ந்துவிட்டது. என் மந்திரியைச் சிப்பாய் மிரட்டினால் பின்னால் எடுக்கக் கை வராது. முன்னால் போய் எதையாவது வெட்டிவிட்டு அது சாகும். கணவரும் அதே ரகம். பத்து நிமிடத்தில் போர்டு காலியாகி இரண்டு ராஜாக்கள் மட்டும் நிற்பார்கள். நாங்கள் அதை வீரம் என்று நினைத்துக்கொண்டிருந்தோம்.

போட்டி ஒரு கல்யாண மண்டபத்தின் சாப்பாட்டுக் கூடத்தில் நடந்தது. எட்டுப் பெண்கள். எனக்கு எதிரே கல்லூரியில் பாடம் நடத்தும் ஒரு பெண். மாமனார் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தடுப்புக் கயிற்றுக்கு வெளியே முதல் ஆளாக நின்றார். என் சிப்பாய், குதிரை, மந்திரி மூன்றும் இடத்துக்கு வந்தன. அந்தப் பெண் ஓரத்துச் சிப்பாயைத் தள்ளினார். நான் யானையை அரணாக்கி ராஜாவைக் கோட்டைக்குள் அனுப்பினேன். உடனே அவருடைய இன்னொரு சிப்பாய் பாய்ந்து வந்து என் மந்திரியை வெட்ட நின்றது.

கை பழக்கப்படி முன்னால் போனது. போன கையை நிறுத்தினேன். இந்த மந்திரி இங்கே எதற்கு வந்தது? அந்தக் காவலில்லாத சிப்பாயை முறைக்க. ஒரு கட்டம் பின்னால் வந்தாலும் அதே சாய்வுக் கோட்டில்தான் நிற்கும், அதே சிப்பாயைத்தான் முறைக்கும். மந்திரியைப் பின்னால் எடுத்தேன்.

"ரிவர்ஸ் எடுக்குதே புள்ள" என்று கயிற்றுக்கு அப்பால் மாமனார் முனகியது கேட்டது.

அந்தப் பெண் தன் குதிரையை வெளியே எடுத்தார். என் குதிரை தாவிப் போய் மந்திரி முறைக்கும் அதே சிப்பாயின் மேல் கண் வைத்தது. குதிரையை விரட்ட அவர் மற்ற ஓரத்துச் சிப்பாயைத் தள்ள, என் குதிரை அந்தக் காவலில்லாத சிப்பாயை வெட்டிக்கொண்டு உள்ளே உட்கார்ந்தது. அங்கிருந்து ராணிக்கும் யானைக்கும் ஒரே நேரத்தில் ஆபத்து. ராஜாவால் குதிரையை வெட்டவும் முடியாது. தூரத்திலிருந்து என் மந்திரி காவல் காக்கிறது. இருபது நிமிடம் கழித்து அவர் தோல்வியை ஒப்புக்கொண்டு கை கொடுத்தார். புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு அங்கேயே ஆடலாமா என்றிருந்தது. அடுத்த சுற்றில் வேறொரு பெண் என்னை நார்நாராகக் கிழித்தார். அதற்கும் சிரிப்புத்தான் வந்தது.

திரும்பும்போது கணவர் காரை ஓட்டினார். முன் சீட்டில் மாமனார்.

"ஏஞ் சாமி அத பின்னால எடுத்த?"

முதல் சிப்பாயிலிருந்து காரணம் காரணமாகச் சொல்லிக்கொண்டே வந்தேன். வாய் நிற்கவில்லை. அந்த வேகத்திலேயே, "அந்த டிஸ்ட்ரிக்ட் பரிசு பொய்யுங்க மாமா. அப்பா சும்மா எழுதுனது" என்றும் சொல்லிவிட்டேன்.

மாமனார் சீட்டில் திரும்பி என்னைப் பார்த்தார்.

"அப்ப பதிமூணு வருசமா நாந்தான் பொய் சொல்லிட்டுத் திரிஞ்சனா?"

"மன்னிச்சுக்குங்க மாமா."

மறுபடி ரோட்டைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார். பிறகு மகனைக் கையால் காட்டி, "அப்ப இவன் கபடிக்கும் அதுக்கும் சரியாப் போச்சு" என்றார்.

என் கணவர் கபடியில் மாநில அளவில் ஆடியவர் என்று அவர்கள் கொடுத்த பயோடேட்டாவில் இருந்தது. பிள்ளைகளின் பள்ளிக்கூடம் வரை நான் அதைச் சொல்லி வைத்திருக்கிறேன். கணவர் திரும்பவே இல்லை. காது மட்டும் சிவந்திருந்தது.

"எதுக்குங்க மாமா அப்படி எழுதுனீங்க?"

"உங்கூட்டுப் பேப்பர்தான் முதல்ல வந்துச்சு. பொண்ணு செஸ்ஸுல பரிசுன்னு போட்டிருந்தாங்க. பையனுக்கு நாங்களும் ஏதாச்சும் போட்டாகோணுமில்ல சாமி."