லாரியில் வந்த வீட்டில் பால் காய்ச்சிய கதை

எங்கள் ஊருக்கு வீடு லாரியில் வந்தது. சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள் என்று நானே போனில் படம் பிடித்து உறவுக்காரர்கள் அத்தனை பேருக்கும் அனுப்பினேன். அரியலூரிலிருந்து ஜெயங்கொண்டம் போகும் சாலையை விட்டு எங்கள் தெருவுக்குள் அந்த நீள லாரி முக்கி முனகித் திரும்பியபோது, ஸ்கூட்டியை ஓரமாக நிறுத்திவிட்டுக் கை தட்டினேன். ஊரே பார்க்கிறது என்று என் வீட்டுக்காரர் முழங்கையால் இடித்தார். பார்க்கட்டுமே. நாற்பது வயதுக்கு மேல் ஒருத்திக்கு இப்படி ஒரு சந்தோஷம் வந்தால் அதை அடக்கி வைத்து என்ன செய்வது?

எங்கள் பக்கம் எங்கே தோண்டினாலும் சுண்ணாம்புக்கல், எங்கே திரும்பினாலும் சிமெண்ட் லாரி. அங்கே போய்ச் செங்கல் சுவர் இல்லாத வீட்டைக் கொண்டுவந்து இறக்கினால் சும்மா விடுவார்களா? படத்தைப் பார்த்த கையோடு சிறுவாச்சூரிலிருந்து என் தாய்மாமன் போன் போட்டார்.

"ஏ பாப்பா, சிமெண்டு வெளையிற ஊருக்கு டப்பா வூடா?"

டப்பா என்றால் டப்பாதான். ஐஸ் விற்பவரின் பெட்டி மாதிரி, சுவருக்குள் வெயில் நுழையாத டப்பா. ஒரு ஹால், ஒரு அறை, சமையலறை, குளியலறை எல்லாம் தொழிற்சாலையிலேயே செய்து இரண்டு துண்டுகளாக வந்தன. கூரை முழுக்க சோலார் தகடு. பகலில் மிஞ்சும் கரண்ட் லைனுக்குப் போகும், ராத்திரி தேவைக்குத் திரும்ப வரும். வருஷக் கடைசியில் கொடுத்ததும் வாங்கியதும் நேராகிவிடும். வீட்டுக்குள் கேஸும் கிடையாது, விறகும் கிடையாது. சமையல்கூடக் கரண்ட் அடுப்பில்தான்.

இத்தனையும் அம்மாவுக்காக. அப்பாவும் அம்மாவும் இருந்தது பக்கத்திலேயே, சிமெண்ட் ஷீட் போட்ட பழைய வீட்டில். சித்திரை வந்தால் மேலேயிருந்து யாரோ அடுப்பு மூட்டுகிற மாதிரி இருக்கும். போன கோடையில் அம்மா சமைத்துக்கொண்டிருந்தவள் அப்படியே சரிந்து விழுந்தாள். இன்னொரு கோடையை இந்த ஷீட்டுக்கடியில் கழிக்கக்கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். பெரம்பலூரில் நானும் வீட்டுக்காரரும் கண்ணாடிக் கடை நடத்துகிறோம்; எங்களோடு வந்துவிடுங்கள் என்று கெஞ்சியும் அப்பா நிலத்தை விட்டு அசையவில்லை. சரி, நீங்கள் வரவில்லையென்றால் வீடு வரும் என்று கிளம்பியவள்தான் நான்.

அப்பாவுக்கு இதில் பெரிய வருத்தம், வாசக்கால் வைக்க வழியில்லாமல் போனது. நல்ல நாள் பார்த்து, நிலைக்கு மஞ்சள் குங்குமம் வைத்து, நவதானியம் போட்டு, ஊரைக் கூட்டி நிறுத்த வேண்டிய வாசக்கால், கதவும் பூட்டுமாக லாரியிலேயே வந்து இறங்கிவிட்டது. அவர் வீட்டை மூன்று முறை சுற்றி வந்தார். பிறகு என்னைக் கூப்பிட்டார்.

"மத்ததெல்லாம் விட்டுட்டேன் பாப்பா. பால் மட்டும் நல்ல நேரத்துக்குள்ள, வூட்டுக்குள்ள பொங்கணும். பொங்கலன்னா நானும் உங்கம்மாவும் பழைய வூட்டுலயே இருந்துக்குறோம்."

இதென்ன பெரிய விஷயம் என்று சிரித்தபடியே தலையாட்டினேன். எவர்சில்வர் பாத்திரத்தில் தண்ணீர் வைத்து அந்த அடுப்பை ஏற்கெனவே சோதித்துப் பார்த்திருந்தேன். கண்ணை மூடித் திறப்பதற்குள் கொதித்தது. ஆனால் அப்பா ஒன்றைச் சொன்னால் சொன்னதுதான். அம்மாவிடம் மட்டும் யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

பால் காய்ச்சுவது வெள்ளிக்கிழமை என்று முடிவானது. பத்தரைக்கு ராகுகாலம். அதற்குள் முடிக்க வேண்டும். மாமா சீர்த்தட்டோடு வந்து இறங்கினார். தங்கச்சி வீட்டுப் பால் காய்ச்சலுக்குப் பிறந்த வீட்டுப் பானை வராமல் இருக்குமா? பளபளவென்று புதுப் பித்தளைப் பானை, கழுத்தில் மஞ்சள் கொத்து. அதில் பாலை ஊற்றி, அடுப்பில் வைத்து, நானே பட்டனைத் தொட்டேன்.

அடுப்பு கீச்கீச்சென்று கத்திவிட்டு அணைந்தது.

மறுபடி தொட்டேன். மறுபடி கத்தியது. அப்போதுதான் எனக்கு உறைத்தது. இந்த அடுப்புக்கு இரும்பு மாதிரி காந்தம் ஒட்டுகிற பாத்திரம் வேண்டும். பித்தளையை அது பாத்திரமென்றே மதிக்காது. எவர்சில்வரில் சோதித்துப் பார்த்த எனக்கு, சீர்ப்பானை பித்தளையில் வரும் என்று தோன்றவே இல்லை. பிறந்ததிலிருந்து எத்தனை வீட்டில் பித்தளைப் பானையில் பால் பொங்கிப் பார்த்திருக்கிறேன்!

பித்தளையை அடுப்பு ஏற்காது, இரும்பு மாதிரி வேண்டும், வேறு பாத்திரத்துக்கு மாற்றலாம் என்று மெதுவாகச் சொன்னேன். மாமாவின் முகம் சுருங்கியது. கொண்டுவந்த சீரை ஓரங்கட்டினால் யாருக்குத்தான் சுருங்காது? நடு ஹாலில் மூன்று செங்கல்லை வைத்து விறகை மூட்டலாம் என்றார். தரை பொசுங்கிவிடும், புகை போக இடமில்லை என்று நான் பாய்ந்து தடுத்தேன். வாசலில் மூட்டலாமா என்றார் என் வீட்டுக்காரர். அப்பா கடிகாரத்தைப் பார்த்தபடி, வெளியில் பொங்கினால் அது வீட்டுக்காகாது என்று முடித்துவிட்டார். எனக்குக் கண்ணில் நீர் முட்டியது. லாரி, கிரேன், இத்தனை நாள் அலைச்சல் எல்லாம் ஒரு பானைக்கடியில் நசுங்கப்போகிறது. அம்மா மறுபடி அந்த ஷீட்டுக்குக் கீழே போகப்போகிறாள்.

அம்மா என்னை நகரச் சொல்லிக் கையால் தள்ளினாள். குனிந்து, அடுப்புக்குக் கீழே இருந்த அலமாரியைத் திறந்து, தன் பழைய இரும்புத் தோசைக்கல்லை எடுத்தாள். நடுவில் தேய்ந்து லேசாகக் குழிந்த கல். அதை அடுப்பில் வைத்து, குழியில் பானையை உட்கார வைத்து, பட்டனைத் தொட்டாள். அடுப்பு கத்தவில்லை. உம்மென்று ஓர் இரைச்சல் மட்டும் வந்தது. கல் சூடேறியது, கல்லிலிருந்து பானைக்கு ஏறியது. நாங்கள் எல்லோரும் பாலையே பார்த்துக்கொண்டு நின்றோம். ஓரத்தில் நுரை கட்டியது. பத்தரைக்குக் கொஞ்சம் முன்னால் கழுத்து வரை எழும்பி, மஞ்சள் கொத்தை நனைத்து, கல்லில் வழிந்து சுரீரென்றது. மாமாதான் முதலில் குலவையிட்டார். ஆம்பிளை குலவையிட்டு நான் அன்றைக்குத்தான் கேட்டேன்.

சிரிப்பெல்லாம் அடங்கிய பிறகுதான் அப்பா கேட்டார்.

"ஆமா, இந்தக் கல்லு எப்புடி இங்க வந்துச்சு?"

"நேத்தே கொண்டாந்து வச்சுட்டேன்," என்றாள் அம்மா, வழிந்த பாலைத் துடைத்துக்கொண்டே. "பால் பொங்குனாலும் பொங்காட்டியும் நான் இங்கதான் இருந்திருப்பேன். நீங்கதான் அங்க தனியா கெடந்திருப்பீங்க."

அப்பா வெளியே போய், பழைய வீட்டிலிருந்து தன் கட்டிலைத் தூக்கிவர என் வீட்டுக்காரரைத் துணைக்குக் கூப்பிட்டார்.

உறவுகள் சாப்பிட்டுக் கிளம்பியபோது உச்சி வெயில். தெருவில் ஒரு நாயைக்கூடக் காணோம். அம்மா புது வீட்டின் வெறும் தரையில் தலையணையைப் போட்டுப் படுத்தாள். நான் கதவைச் சாத்திக்கொண்டு வெளியே வரப்போனேன். அரைத் தூக்கத்தில் அவள் என்னைக் கூப்பிட்டாள்.

"பாப்பா, ஒரு போர்வை இருந்தா குடுத்துட்டுப் போ."