ஸ்டிக்கர் ஒட்டிய அக்கா

எந்தப் பெட்டி வாங்கினாலும் அக்கா அதன் ஸ்டிக்கரை நகத்தால் சுரண்டிப் பார்ப்பாள். இருபது வருடம் சட்டைக் கம்பெனியில் 'சரிபார்க்கப்பட்டது' என்று ஸ்டிக்கர் ஒட்டியவள். அவசர நாட்களில் பெட்டியைத் திறக்காமலே ஒட்டச் சொல்வார்கள், ஒட்டுவாள்.

பிரஷர் மாத்திரைதான் நோயையே வளர்க்கிறது, கம்பெனிகள் அதை மறைக்கின்றன என்று போனில் ஒரு செய்தி வந்தது. அன்றே மாத்திரையை நிறுத்தினாள். போன மாதம் குளியலறையில் மயங்கி விழுந்தாள். மாத்திரையை நிறுத்தியதால்தான் என்றார் டாக்டர்.

"அப்போ டாக்டர் பொய் சொல்றாராக்கா?" என்று கேட்டேன்.

"அவரும் ஸ்டிக்கரைப் பார்த்துத்தானே நம்புறாரு. ஒட்டுறவளுங்க லட்சணம் எனக்குத் தெரியாதாடி?"

"எனக்காகப் போடுக்கா" என்று மட்டும் சொன்னேன்.

இப்போது தினமும் காலையில் என் முன்னால் மாத்திரையை விழுங்குகிறாள். அந்தச் செய்தியை இன்னும் நம்புகிறாள்.